மாலுஹோலா பட்டமும் உன் பிறந்த தேதியும்

நுக்குஅலோஃபா,
வியாழன், மார்ச் 12

என் அன்பு மகன் கெலெபிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் தெயிசாவும் பேரப்பிள்ளைகள் மூவரும் காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் தம்பியும் ஃபூசி அத்தையும் உயிரோடும் உடம்போடும் கரை சேர்ந்திருக்கிறோம், அதற்கே ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கடிதத்தின் மேலே தலைநகரத்தின் பேரைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. ஆனால் ஒன்று நடந்திருக்கிறது, அதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் பிரிஸ்பேனுக்கு வருகிற பாயேயாவின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். அவள் நாளைக்கு விமானம் ஏறி சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருவாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்துக் கேள்வி கேட்பாய், எனக்கு அழுகை வந்துவிடும், பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி. படித்து முடிப்பதற்குள் யாருக்கும் போன் போடாதே, முக்கியமாக அத்தைக்குப் போடாதே.

உன் இனோக்கே பெரியப்பா போன மார்ச் பதினாலாம் தேதி கண்ணை மூடியதிலிருந்து ஊரில் எல்லாரும் உன்னைத்தான் அடுத்த மாலுஹோலா, நம் ஊர்ப் பிரபு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஒரே பெண், பட்டம் பெண்ணுக்குப் போகாது, உன் அப்பாவும் இல்லை, அப்படியானால் அப்பாவின் மூத்த மகன் நீதான். நீ மே மாதமே உரிமை கோரி மனு போட்டுவிட்டாய். ஊர் உனக்காகப் பெருவள்ளிக்கிழங்கு நட்டது. பட்டமேற்கிற அன்று இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள அத்தை உனக்கென்று இடுப்புப் பாய் பின்ன ஆள் வைத்தாள். அங்கே பிரிஸ்பேனில் உங்கள் சபைக்காரர்கள் உன்னை முன் வரிசையில் உட்கார வைத்துப் பாட்டுப் பாடினார்கள் என்று தெயிசா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வேலையை விடப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றும் வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறாய் என்றும் போன மாதம் சொன்னாயே, அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கு நான்தான் பொறுப்பு.

இப்போது சொல்கிறேன். நீ ஆகஸ்ட் இருபதாம் தேதி பிறக்கவில்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, கடல் கடந்து சுவாவில், விடிகிற நேரத்தில் நல்ல மழையில் பிறந்தாய். எனக்கும் உன் அப்பாவுக்கும் ஜூன் இரண்டாம் தேதிதான் கல்யாணம் நடந்தது. நான் அங்கே நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன், உன் அப்பா போதகர் படிப்பு. எங்கள் மேல் யாரும் எதையும் திணிக்கவில்லை, நாங்களாகத்தான் ஒருவரை ஒருவர் விரும்பினோம், இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு பிள்ளை என்று தெரிந்தால் அப்பாவின் படிப்பு போய்விடும், ஊழியமும் போய்விடும். அதனால் உன் தாத்தாவுக்கு உன் அப்பா கடிதம் எழுதினார். தாத்தா ஒரே ஒரு வரி பதில் எழுதினார், அக்டோபருக்கு முன்னால் வர வேண்டாம் என்று. நாங்கள் அக்டோபரில் கப்பலில் வந்து இறங்கியபோது குடும்ப பைபிளில் தாத்தா தன் கையாலேயே உன் பெயரை எழுதி, ஆகஸ்ட் இருபது என்று தேதியும் போட்டு வைத்திருந்தார். அதே தேதியைச் சொல்லி இங்கே பதிவும் செய்ய வைத்தார். பிரபு வந்து நின்று சொன்னால் அந்தக் காலத்தில் யார் மறுத்துக் கேட்பார்கள். அப்போது அது பட்டத்துக்காகச் சொன்ன பொய் இல்லையடா. பெரியப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அவருக்கு ஐந்தாறு ஆண்பிள்ளை பிறக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மானத்துக்காகச் சொன்ன பொய், நாற்பது வருடம் உட்கார்ந்திருந்து இப்படி எழுந்து வரும் என்று யாருக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உனக்கே தெரியும், மனு போடும்போது வக்கீல் உனக்குப் படித்துக் காட்டியிருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த மகனுக்குத்தான் பட்டம். பிறகு தாய் தகப்பன் கல்யாணம் செய்துகொண்டாலும் செல்லாது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் உன் தாத்தா என்னை முன்னால் உட்கார வைத்து மாலுஹோலா பதினொரு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்ல வைப்பார். நான் சாதாரண மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண், எனக்கு என் தாத்தாவுக்கு மேல் பேர் தெரியாது. தப்பினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதலாமவர் சண்டைக் காலத்தில் ஊர் எரிந்து படகில் தப்பி வந்தவர்களைத் தன் வீட்டுக்குள் வைத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார், துரத்தி வந்தவர்கள் ஈட்டியால் குத்தியும் எழுந்திருக்கவில்லை, தப்பி வந்தவர்களுக்கு நிழல் என்றுதான் அந்தப் பேரே வந்தது. இதெல்லாம் நீயும் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் தாத்தா என்னிடம் இன்னொன்றும் சொன்னார், உங்களிடம் சொன்னாரா தெரியாது. மூன்றாமவர் மூத்த மகன் இல்லை. நான்காமவர் மகனே இல்லை, சகோதரியின் மகன். அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யாருக்குத் தகுதியோ அவருக்குக் கவா வேரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்துப் பேரைச் சூட்டினார்கள். ஆறாமவர் காலத்தில்தான் அரசர் சட்டம் எழுதி, பிரபுக்கள் யார் யார் என்று பேர் குறித்து, இன்ன ஊர் நிலம் இன்னாருடையது, மூத்த மகனுக்கு மூத்த மகன் என்று ஆக்கினார். அதற்குப் பிறகு யாருக்கு எது வரும் என்பதைத் தாளில் உள்ள தேதிதான் சொல்கிறது, மனிதர்கள் சொல்வதில்லை. அந்தத் தாள்தான் இப்போது நம் வீட்டுக்கு வந்து நிற்கிறது.

மனாசேயை நீ நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் அப்பாவுக்குச் சித்தப்பா மகன், பெரியப்பாவின் சாவுக்கு மூன்று பன்றி கொண்டு வந்தவன், சவப்பெட்டியைத் தூக்கியவன், எல்லாம் சரி. நீ மனு போட்ட அதே வாரம் அவனும் ஒரு மனு போட்டான், நினைவிருக்கிறதா, எங்கள் கிளையின் பேரும் பதிவில் இருக்கட்டும், பிறகு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னான், நாம் எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு எந்தக் கவா கூட்டத்திலும் அவன்தான் உன் பேரை முதலில் எடுப்பான். "கெலெபிதான் மாலுஹோலா, வேற யாரு இருக்கா?" என்பான். விசாரணைத் தேதி இரண்டு முறை தள்ளிப் போனதே, இரண்டு முறையும் தள்ளிவைக்கக் கேட்டது அவன் வக்கீல்தான், உடம்பு சரியில்லை என்று. போன மாதம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஆராதனை முடிந்து நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றான். சீமைப்பலா இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, போகிற போக்கில், "அண்ணி, நீங்க சுவாவுல எந்த சர்ச்சுல கல்யாணம் பண்ணீங்க? சும்மா கேட்டேன்" என்றான். சும்மா கேட்கிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். எனக்குக் கையிலிருந்த புத்தகங்கள் சரிந்தன. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே சுவாவில் இருக்கிற லித்தியாவுக்குப் போன் போட்டேன். என்னோடு படித்தவள், நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவள், எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அவள் சந்தோஷமாகச் சொல்கிறாள், "உங்க ஊர்லேர்ந்து ஒரு பெரிய மனுஷர் நவம்பர்ல வீட்டுக்கே வந்தாரே, உன் கொழுந்தனாமே, பழைய கதையெல்லாம் கேட்டாரு. ஏப்ரல் மாசம், மழை கொட்டுது, இந்தக் கையாலதான் வாங்கினேன்னு சொன்னேன். பிறப்புச் சான்று நகல்கூட எடுத்துட்டுப் போறேன்னாரு" என்று. அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு என்ன தெரியும். நவம்பரிலேயே அவன் கையில் தாள் வந்துவிட்டது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, நான்கு மாதமாக அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன்னைப் பிரபு என்று புகழ்ந்துகொண்டிருக்கிறான். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. உன் வக்கீலுக்கே போன் போட்டு, தெரிந்தவர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் பாவம் பொறுமையாகச் சொன்னார், பிரபு இறந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டவர்களுடைய உரிமையைத்தான் பார்ப்பார்கள், போடாதவர்கள் பிறகு வந்து நின்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ இல்லையென்றால் அடுத்தது உன் தம்பி நஃபெதலாய், அவன் எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவன். ஆனால் அண்ணன் இருக்கும்போது தம்பி எதற்கு மனு போடுவான். மார்ச் பதினாலு தாண்டியதும் மனாசே தாளை வெளியே எடுப்பான். நீ விழுவாய். தம்பி வந்தால் காலம் கடந்துவிட்டது என்பார்கள். மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான்.

இருபத்திரண்டு நாள் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு வழிதான். வாயை மூடிக்கொண்டு தாத்தா எழுதிய தேதி ஜெயிக்கும் என்று நம்பியிருக்கலாம், இல்லை என் வாயாலேயே ஒரு மகனிடமிருந்து எடுத்து இன்னொரு மகனுக்குக் கொடுக்கலாம். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வாய். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? சும்மா இரு என்று சொல்லியிருந்தால் அந்தப் பொய் அதோடு உன்னுடையதாகியிருக்கும். போய்ச் சொல் என்று சொல்லியிருந்தால் ஆயுசு முழுக்க உன் வாயாலேயே நீ விட்டுக்கொடுத்தவனாகியிருப்பாய். இரண்டும் உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். சரியோ தப்போ, என் புத்திக்கு அப்படித்தான் பட்டது.

முதலில் ஃபூசி அத்தையிடம் போனேன். அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு துணிகூடக் காயாது, அவளை மீறி உன் தம்பி ஒரு தாளிலும் கையெழுத்துப் போட மாட்டான். பாய் பின்னுகிற பெண்களை அனுப்பிவிட்டு உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "புதுசா என்னமோ சொல்ல வந்துட்டா. நீ கப்பல்லேர்ந்து எறங்குன அன்னிக்கே எனக்குத் தெரியும்டி. ரெண்டு மாசக் கொழந்த என் மடியில உக்காந்து, ரெண்டு பல்லக் காட்டிச் சிரிக்குது. நான் என்ன கண்ணு தெரியாதவளா?" என்றாள். நாற்பது வருடமாக ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. ஆனால் கோர்ட்டில் போய்ச் சொல்லப் போகிறேன் என்றதும் எழுந்துவிட்டாள். "எங்கப்பா கையெழுத்துடி அது! பைபிள்ல எழுதினது! மாலுஹோலா பொய் எழுதினாருன்னு நீ போய் ஊரறியச் சொல்லப் போறியா? மீன் விக்கிற வீட்டுலேர்ந்து வந்தவளுக்கு எங்க பேர் என்னன்னு தெரியும்?" என்று கத்தினாள். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றும் சொன்னாள். அப்படிப்பட்ட வார்த்தையை நான் மருமகளாக வந்த முதல் வருடத்தில்கூட அவளிடம் கேட்டதில்லை.

நான்கு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நான்கு நாளும் நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பன்றிக்குத் தீனி போட மறந்து அது வேலியை முட்டிப் போட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் சேப்பங்கிழங்கு முழுவதையும் கிளறிவிட்டது, அதற்கு வேறு மன்னிப்புக் கேட்கப் போனேன். ஐந்தாம் நாள் அத்தையே வந்தாள். கோலை ஊன்றிக்கொண்டு, வெயிலில், தனியாக. மனாசே வீட்டுக்குப் போயிருந்தாளாம். நான் சொன்னது உண்மையா என்று அவன் வாயைப் பிடுங்கப் போயிருக்கிறாள். அவன் டீ கொடுத்து உபசரித்திருக்கிறான். மேஜை மேல் ஒரு வரைபடம் விரித்துக் கிடந்திருக்கிறது, நம் கடற்கரையை அளந்து போட்டது, வெளிநாட்டுக்காரர்களுக்குத் தங்கும் விடுதி கட்ட. நாற்பது குடும்பம் பயிர் செய்கிற இடத்தில் கோடு கோடாக அறைகள். நம் கல்லறை மேடு இருக்கிற இடத்தில் பாதை. அத்தை படிக்காதவள் என்று நினைத்து அவன் அதைச் சுருட்டி வைக்கக்கூட இல்லை. "எங்கப்பா மேல, என் தம்பிங்க ரெண்டு பேர் மேல ரோடு போட்டு வச்சிருக்கான் லெசியெலி. நான் டீயக் குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு இடுப்பிலிருந்து பைபிளை எடுத்து என் மடியில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் மடிப்பு வைத்திருந்தாள். "எங்கப்பா பொய் எழுதினாரு. நானே வந்து சொல்றேன். நீ சொன்னா உன்ன நம்ப மாட்டாங்க, நான் சொன்னா நம்புவாங்க" என்றாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

உன் தம்பிதான் பெரிய பாடாகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவனை உட்கார வைத்துச் சொன்னேன். "அண்ணனோடத நான் தொட மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? அவன் முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். ஒரு வாரம் நான் வைத்த சோற்றைத் தின்றானே தவிர என்னோடு பேசவில்லை. சின்ன வயதில் நீயும் இவனும் ஒரு சைக்கிளுக்காக அடித்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்களே, அதே முகம். தாத்தா சொன்ன மூன்றாமவர், நான்காமவர் கதையை எல்லாம் எடுத்துச் சொன்னேன், மூத்தவன் அல்லாதவர்களும் இந்தப் பேரைச் சுமந்திருக்கிறார்கள் என்று. "அவங்க அண்ணனுக்குத் தெரியாம வாங்கலியே அம்மா" என்றான். கடைசியில் அத்தைதான் அவனைக் கூப்பிட்டுத் தன் முன்னால் தரையில் உட்கார வைத்தாள். "நான் உங்கப்பனோட அக்கா. இந்த வீட்டுல என் பேச்ச மறுக்க ஒனக்கு உரிமையில்ல, அது ஒனக்கும் தெரியும். நீ ஆசப்பட்டு எடுக்கல, நான் போடச் சொல்லிப் போடுற. உங்கண்ணன் கோவப்பட்டா என்கிட்ட வரட்டும்" என்றாள். அதற்கு மேல் எந்த மகன் பேச முடியும். தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். ஆனால் ஒன்று சொன்னான், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அதற்குள் மார்ச் ஐந்து ஆகிவிட்டது. கப்பலுக்குச் சீட்டு எடுத்தோம், அன்று மாலையே புயல் எச்சரிக்கை. கப்பல் இல்லை. சின்ன விமானமும் இல்லை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, தினமும் காலையில் துறைக்குப் போய்க் கடலைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தோம். அலை சுவர்போல் எழுந்து வந்தது. பேசாமல் இதுதான் ஆண்டவர் சித்தமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன், அப்படி நினைத்தபோது மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, நீ மாலுஹோலாவாக இன்னும் கொஞ்ச நாள் இருப்பாயே என்று. பத்தாம் தேதி கப்பல் கிளம்பியது. தளத்தில் பாய் விரித்து மூன்று பேரும் படுத்தோம். அத்தைக்கு வாந்தி நிற்கவில்லை. உன் தம்பி வாளியைப் பிடித்துக்கொண்டே வந்தான், "பிரபு வீட்டுப் பொண்ணு பக்கெட்டுல வாந்தியெடுக்க மாட்டா" என்று அவனைத் திட்டிக்கொண்டே அதில்தான் எடுத்தாள். நேற்றுக் கரை இறங்கினோம். இன்று காலையில் கோர்ட்டுக்குப் போனோம்.

படி ஏறி வராந்தாவில் நுழைகிறோம், மனாசே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் வக்கீல், கடைசி நாட்களில் வேறு மனு ஏதும் வருகிறதா என்று பார்க்க வந்திருப்பார்கள் போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்து சிரித்தான். "என்ன அண்ணி, இவ்வளவு தூரம்? கெலெபி கேஸு அடுத்த மாசம்தானே?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அத்தை கோலைத் தரையில் ஊன்றி நின்றாள். "கெலெபி கேஸுக்கு வரல மனாசே. நாலு மாசமா பையில ஒரு பேப்பர் வச்சு சுமக்கிறியே, அத நாங்களே சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். ஒனக்கு அலைச்சல் மிச்சம்" என்றாள். அவன் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, போக இடம் தெரியாமல். உன் தம்பி அவனைப் பார்க்காமல் நேராக உள்ளே போனான்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி, என் மருமகள் வயதிருக்கும், மரியாதையாகத்தான் பேசினாள். பைபிளின் மேல் கை வைத்து உறுதி சொல்லச் சொன்னாள், நாங்கள் கொண்டுபோன அதே பைபிள். உன் தம்பியின் மனுவை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, மூத்த மகன் பிறந்தபோது உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையோடு உன் கையிலிருந்து பன்னிரண்டு பேருடைய பட்டம் போயிற்று. எழுதிக்கொண்டாள், படித்துக் காட்டினாள், கையெழுத்துப் போட்டேன். பிறகு அத்தை. தன் அப்பா தேதியை மாற்றி எழுதினார் என்றும், தனக்கு அன்றே தெரியும் என்றும், குரல் நடுங்காமல் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பல்லைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். உன் தம்பியின் மனுவில் இன்றைய தேதி முத்திரை விழுந்தது. இரண்டு நாள் மிச்சம் இருந்தது. வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

இனி உன் தம்பி பக்கம்தான் தீர்ப்பு வரும், அதில் சந்தேகம் இல்லை என்கிறார் உன் வக்கீல். உன் மனுவை நீயே வாபஸ் வாங்கினால் சீக்கிரம் முடியும், இல்லையென்றால் விசாரித்து முடிப்பார்கள். அதற்கான தாளைத் திங்கட்கிழமை உனக்கு அனுப்புவார், அதுவரை பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். கையெழுத்துப் போடு என்று நான் உன்னைக் கேட்க மாட்டேன். கேட்கிற உரிமையை இன்று காலையில் செலவழித்துவிட்டேன்.

சபைக்காரர்கள் முன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாம் சொல்லி வைத்திருப்பார்களோ. அம்மா பொய் சொன்னாள், இப்போது உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று சொல், அதில் உனக்கு ஒரு குறைவும் இல்லை. நீ தப்பாகப் பிறந்த பிள்ளை என்று யாராவது சொன்னால் அவர்கள் முகத்துக்கு நேரே சொல், மழையில் பேருந்து ஓடாத நாளில் உன் அப்பா இரண்டு மைல் ஓடி வந்து, ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று. லித்தியா சாட்சி.

இப்போது வேலை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மேலதிகாரியிடம் போய் நீ எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேள். வெட்கப்படாதே, குடும்ப விஷயம் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். வீட்டை விற்கிற பேச்சை இன்றே நிறுத்து. தெயிசாவிடம் நீயே உட்கார்ந்து சொல், கடிதத்தை அவள் கையில் நீட்டிவிட்டு வெளியே போய்விடாதே. அவளுக்கு இங்கே வந்து பிரபு மனைவியாக உட்கார்வதில் உள்ளூரப் பயம் என்று எனக்குத் தெரியும், அவள் கொஞ்சம் நிம்மதிப் பெருமூச்சு விட்டால் அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள். சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று எழுது.

உன் தம்பி சொன்னதை எழுதுகிறேன் என்றேன் அல்லவா. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அத்தையிடம் சொன்னான், "பட்டம் கட்டுற அன்னிக்கு அண்ணன் வந்து பக்கத்துல உக்காரலைன்னா நான் அந்தக் கவாவக் குடிக்க மாட்டேன். அரசரே பாத்துட்டு இருந்தாலும் கோப்பையக் கீழ வச்சிடுவேன்" என்று. அத்தை அவனைத் திட்டவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை அவன், உனக்குத் தெரியும். மூன்று நாளாக அவனுக்குத் தூக்கம் இல்லை, இப்போதும் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறான், என்ன எழுதுகிறேன் என்று கேட்கவும் பயப்படுகிறான். அவனைத் திட்டாதே. திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, வந்து திட்டினாலும் சரி, போனில் திட்டினாலும் சரி.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. உன் கையால் செய்வதெல்லாம் வாய்க்கட்டும், உன் பிள்ளைகள் உன்னிடம் எதையும் மறைக்கத் தேவையில்லாதபடி வளரட்டும். இங்கே ஞாயிறு ஆராதனை பத்தரைக்கு முடியும். அதற்குப் பிறகு போன் என் கையில் இருக்கும், அத்தை அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ கூப்பிடாவிட்டாலும் சாயங்காலம் வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
லெசியெலி